கீமோ முடிந்த பிறகும் ரத்தத்தைக் கவனிப்பது எப்படி: இரண்டாம் லுகேமியா குறித்து மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாட்ஜ்கின் லிம்போமா, மல்டிபிள் மயலோமா, குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா போன்ற ரத்தப் புற்றுநோய்களுக்குக் கீமோதெரபி எடுத்துத் தேறியவர்களில் மிகச் சிலருக்கு, சில ஆண்டுகள் கழித்து, முதல் நோயோடு தொடர்பில்லாத வேறொரு லுகேமியா வருவதுண்டு. பெரும்பாலும் அது அக்யூட் மயலாய்டு லுகேமியாவாகவோ, அதற்கு முந்தைய படியான, மஜ்ஜை பழுதான அணுக்களை உருவாக்கும் மயலோடிஸ்பிளாசியாவாகவோ இருக்கும். முதல் நோய் திரும்பி வந்துவிட்டது என்று குடும்பத்தார் பேசிக்கொள்வார்கள், அது சரியல்ல. இது புதிய நோய். முதல் நோயை அழித்த மருந்துகளின் பின்விளைவு. அக்யூட் மயலாய்டு லுகேமியா உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, முன்பு பெற்ற கீமோவோ கதிர்வீச்சோ இவ்வாறு காரணமாகிறது.

நான் மருத்துவர் அல்லன். பரேல் பக்கத்து மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ் நோயாளிகளுக்கு மொழித்துணையாகச் சென்றுவருபவன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், ஆண்டாப் ஹில், முலுண்ட் என்று இந்நகரில் பரவியிருக்கும் நம்மவர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறித் தாதரில் இறங்கும் நோயாளிகளுக்கும், சிகிச்சை முடிந்த பிந்தைய ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு, இப்போது நடந்துகொண்டிருக்கும் கீமோவை யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. மருந்தில்லாவிட்டால் முதல் நோய் உயிரை வாங்கும் என்பது ஏறக்குறைய உறுதி. இரண்டாம் லுகேமியா வருவது சிறுபான்மையினருக்கே. ஆகவே பயப்படுவதை விட, பழைய சிகிச்சையின் கணக்கைக் கையில் வைத்திருப்பதும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துவருவதுமே நம்மால் ஆகக்கூடிய காரியம்.

எந்த மருந்து, எத்தனை ஆண்டுகள் கழித்து

இந்நோய் இரண்டு வகையாக வருகிறது. எந்த வகை என்பதை முன்பு கொடுக்கப்பட்ட மருந்தே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. சைக்ளோபாஸ்பமைடு, மெல்ஃபலான், குளோராம்பியூசில், பியூசல்ஃபான், புரோகார்பசின் ஆகிய ஆல்கைலேட்டர் மருந்துகளுக்குப் பின் வருவது முதல் வகை. சிகிச்சை முடிந்து பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் இது தலைகாட்டும். முதலில் மயலோடிஸ்பிளாசியாவாக, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அணுக்களைக் குறைத்துக்கொண்டு வரும். மஜ்ஜை அணுக்களில் 5ஆம் அல்லது 7ஆம் குரோமோசோம் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ காணாமற்போயிருப்பதும், டி.பி.53 என்னும் மரபணு பழுதாகியிருப்பதும் இதன் அடையாளங்கள். எட்டோபோசைடு, டாக்ஸோரூபிசின், மைட்டோசான்ட்ரோன் ஆகிய மருந்துகளுக்குப் பின் வருவது இரண்டாம் வகை. இது 1 முதல் 3 ஆண்டுகளுக்குள், முன்னறிவிப்பு ஏதுமில்லாமல், நேராக முழு லுகேமியாவாகவே வெளிப்படும். 11ஆம் குரோமோசோமில் உள்ள கே.எம்.டி.2ஏ என்னும் மரபணு அறுந்து வேறிடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை இதில் அடிக்கடி காணலாம். பல சிகிச்சைத் திட்டங்களில் இரு வகை மருந்துகளும் சேர்ந்தே கொடுக்கப்படுவதால், இந்தப் பிரிவினை நடைமுறையில் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து ஆபத்து எவ்வளவு மாறும் என்பதற்கு ஹாட்ஜ்கின் லிம்போமாவின் வரலாறே சான்று. 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவான எம்.ஓ.பி.பி. என்னும் நான்கு மருந்துச் சேர்க்கைதான் முற்றிய ஹாட்ஜ்கினைக் குணப்படுத்த முடியும் என்று முதலில் காட்டியது. அதில் நைட்ரஜன் மஸ்டர்ட், புரோகார்பசின் என இரண்டு ஆல்கைலேட்டர்கள் இருந்தன. குணமானவர்களிடையே சில ஆண்டுகளில் லுகேமியா தோன்றத் தொடங்கியது. 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி போனடோனா குழுவினர் அமைத்த ஏ.பி.வி.டி. சேர்க்கை வந்தபின் அந்த ஆபத்து மிகவும் குறைந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் ஹாட்ஜ்கினுக்குப் பெரும்பாலும் ஏ.பி.வி.டி. தருவதற்கு இதுவும் ஒரு காரணம். கூடுதல் வீரியமுள்ள பியகாப் என்னும் திட்டத்தைப் பெற்றவர்களுக்கு ஆபத்து ஏ.பி.வி.டி.யை விடச் சற்று அதிகம். குழந்தைகளின் லுகேமியா சிகிச்சையில், எட்டோபோசைடு வகை மருந்துகளை வாரம் ஒருமுறையோ இருமுறையோ என்று நெருக்கமாகத் தந்தபோது ஆபத்து கூடியதை 1991இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆக, அளவு மட்டுமன்றி இடைவெளியும் கணக்கில் வருகிறது. மயலோமாவுக்கு மெல்ஃபலான் கொடுத்துச் சுய ஸ்டெம்செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய் அணு) மாற்று செய்தபின் ஆண்டுக்கணக்கில் லெனலிடோமைடு மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தக் கவனிப்பு வட்டத்திற்குள் வருபவர்களே. ஆனால் அந்த மாத்திரை மயலோமாவை அடக்கிவைத்துத் தரும் நன்மை பெரிது. அதைத் தாமாக நிறுத்துவது கூடவே கூடாது.

கீமோ மருந்து மரபணுவைச் சேதப்படுத்தி நோயை உண்டாக்குகிறது என்று மட்டுமே முன்பு சொல்லிவந்தார்கள். சிலரிடம், குறிப்பாக வயது முதிர்ந்தவர்களிடம், டி.பி.53 பழுதான ஸ்டெம்செல்கள் கீமோவுக்கு முன்பே மஜ்ஜையில் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன என்பது 2015க்குப் பின் தெளிவாகியிருக்கிறது. களைக்கொல்லி அடித்த வயலில், அதற்குச் சாகாத களை மட்டும் எஞ்சி வயலையே பிடித்துக்கொள்வதுபோல, நல்ல அணுக்கள் மருந்தில் மடிய, பழுதானவை பெருகிவிடுகின்றன. ஒரே மருந்தை ஒரே அளவில் எடுத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இது பாதி பதில். பத்தியம் தவறியதாலோ, வேண்டுதல் பாக்கியாலோ வந்தது என்று நோயாளியை நோகடிக்கும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய ஃபைலை மீட்டெடுத்தல்

முதலில் செய்ய வேண்டியது இதுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் என்ன கீமோ என்று கேட்டால், ‘சிவப்பு மருந்து ஒன்று, வெள்ளை மருந்து இரண்டு, மொத்தம் பன்னிரண்டு முறை’ என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. புதிய மருத்துவருக்கு அது போதாது. டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட், முதல் பயாப்சி அறிக்கை, கதிர்வீச்சு அறிக்கை ஆகிய நான்கும் வேண்டும். கீமோ சார்ட்டில் ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவும் உடல் பரப்பளவின் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு மருந்து பெரும்பாலும் டாக்ஸோரூபிசின். அதன் மொத்த அளவு வாழ்நாள் முழுவதற்கும் கணக்கில் வைக்கப்படும். ஏனெனில் இரண்டாம் லுகேமியாவுக்குத் தரும் டானோரூபிசினும் அதே குடும்பத்து மருந்து, இரண்டும் சேர்ந்து இதயத்தை நலிவாக்கும். பழைய அளவு தெரிந்தால்தான் இப்போது எவ்வளவு தரலாம், தரலாமா கூடாதா என்று முடிவுசெய்ய முடியும்.

தாள்களைப் பத்திரப்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை. வழவழப்பான தெர்மல் தாளில் வரும் ரசீதுகளும் சில பரிசோதனைச் சீட்டுகளும் மும்பையின் ஈரக்காற்றில் ஓரிரு மழைக்காலங்களிலேயே வெளிறிப்போகும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்தும், போனில் படம் பிடித்தும், வீட்டில் ஒருவருக்கு இருவரின் போனில் வைத்தும் காப்பாற்றுங்கள். ஃபைல் தொலைந்திருந்தால் பழைய கேஸ் நம்பரைக் கொண்டு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நகல் கேட்கலாம். அந்த நம்பரும் இல்லையென்றால், பெயரோடு சேர்க்கப்பட்ட ஆண்டையும் சொல்லித் தேடச் சொல்லலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

குழந்தைப் பருவத்தில் சிகிச்சை பெற்று இப்போது கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் பிள்ளைகளின் பெற்றோர், அந்த ஃபைலைப் பிள்ளையின் கையில் ஒப்படைத்து விளக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைக்குப் புற்றுநோய் இருந்ததையே மறைத்து வளர்க்கிறார்கள். கல்யாணப் பேச்சில் தடங்கல் வரும் என்ற பயம் புரியாததல்ல, ஆனால் தனக்கு எந்த மருந்து ஏறியது என்று தெரியாத ஒருவரால் தன் உடம்பைக் கவனித்துக்கொள்ள முடியாது. டாட்டா நினைவு மருத்துவமனையில், இளவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் பிந்தைய விளைவுகளைப் பார்ப்பதற்கென்றே 1991 முதல் தனிக் கிளினிக் நடந்துவருகிறது. அங்கே சிகிச்சை பெற்ற பிள்ளைகள் அந்தத் தொடர்பை விட்டுவிடக் கூடாது.

சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) தாளைப் படிக்கும் முறை

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் மருத்துவர் வரச்சொல்வது வழக்கம். அதற்குப் பின் நோயாளியும் போவதில்லை, கூப்பிடுவாரும் இல்லை. ஆல்கைலேட்டர் வகை லுகேமியா வருவதோ பெரும்பாலும் அந்த ஐந்தாம் ஆண்டுக்கு அப்புறம்தான். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அறிகுறி வந்தால் பார்த்தால் போதும் என்போர் உண்டு. சில நூறு ரூபாயில் முடியும் சி.பி.சி.யைப் பத்து ஆண்டுகள்வரை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஒற்றைத் தாள் சொல்லாத விஷயத்தை வரிசையாக வைத்த ஐந்து தாள்கள் சொல்லும்.

எடுத்துக்காட்டாக, ஒருவருடைய தட்டணுக்கள் மூன்று ஆண்டுகளில் 2.4 லட்சம், 1.9 லட்சம், 1.5 லட்சம் என்று வந்தால், 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இயல்பு என்பதால் மூன்று தாளிலும் சிவப்புக் குறி எதுவும் இருக்காது. ஆனால் கீழ்நோக்கிய சரிவு கண்ணுக்குத் தெரியும். அதே தாள்களில் எம்.சி.வி. என்ற வரியையும் பாருங்கள். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் அந்த எண் 80 முதல் 100 வரை இருக்கலாம். அது 88, 95, 103 என்று ஏறிக்கொண்டே போனால், ஹீமோகுளோபின் குறையத் தொடங்குமுன்பே மஜ்ஜையில் கோளாறு தொடங்கியிருக்கக்கூடும். பி12 குறைபாடு, தைராய்டு, கல்லீரல் கோளாறு, மது, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் ஆகியவையும் எம்.சி.வி.யை ஏற்றும் என்பதால், அந்த ஒன்றை வைத்தே நடுங்க வேண்டாம். முக்கியமாக, பி12 அளவைப் பார்க்காமலே ஊசி போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். குறைபாடுதான் காரணம் என்றால் ஊசி தொடங்கிய ஓரிரு மாதங்களில் எண்கள் திருந்த வேண்டும்; திருந்தாவிட்டால் ரத்தப்புற்று மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மும்பைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மழை தொடங்கிய பின், குறிப்பாக ஜூலை முதல் அக்டோபர் வரை, டெங்கியும் மலேரியாவும் பரவும்போது யாருக்கும் தட்டணுக்கள் குறையலாம். அந்தப் பருவத்தில் காய்ச்சலோடு எண்ணிக்கை விழுந்தால் முதலில் அவற்றுக்குச் சோதிப்பதே முறை. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரங்களில் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். அந்த மறுபரிசோதனையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எண்கள் மீளவில்லை என்றால், ஆய்வகத்தில் ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) பார்த்து எழுதச் சொல்லுங்கள். இயந்திரம் எண்ணிக்கை மட்டுமே தரும், முதிராத பிளாஸ்ட் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் மனிதக் கண் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பல் துலக்கும்போது நிற்காத ரத்தம், அடிபடாமலே தோன்றும் நீலத் தடிப்பு, காலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு ஆகியவை தோன்றினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தெருமுனை டாக்டரிடம் போனாலும், அரசு மருத்துவமனையின் ஓ.பி.டி.க்குப் போனாலும், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய வரி ‘பஹ்லே கான்ஸர் கா கீமோ ஹுவா தா’ (முன்பு புற்றுநோய்க்குக் கீமோ நடந்தது) என்பதுதான். முந்தைய கீமோவைப் பற்றி அறியாத மருத்துவர் இரும்புச்சத்து டானிக் எழுதித் தருவதில் வியப்பில்லை. பார்த்த மாத்திரத்தில் அது சாதாரண ரத்தசோகையாகத்தான் தெரியும்.

மஜ்ஜைப் பரிசோதனையும் அதன் முடிவுகளும்

சந்தேகம் வலுத்தால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தவிர்க்க முடியாதது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்புற மேட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியை எலும்புக்குள் செலுத்துவார்கள். துளைக்கும்போது அழுத்தம்தான் தெரியும். மஜ்ஜைத் திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சும் சில நொடிகளில் காலுக்குள் சுண்டி இழுப்பதுபோன்ற வலி வரும், உடனே போய்விடும். பிறகு மெல்லிய எலும்புத் துண்டு ஒன்றையும் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரே முறை எடுத்த மாதிரியிலிருந்து பிளாஸ்ட் எண்ணிக்கை, அணுக்களின் வகையை அடையாளம் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் ஆய்வு, மரபணு ஆய்வு என நான்கும் நடக்க வேண்டும். குரோமோசோம் ஆய்வுக்கு உயிருள்ள, பிரிந்து பெருகக்கூடிய அணுக்கள் தேவைப்படுவதால், அந்த மாதிரி, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் தாமதமின்றிப் போய்ச்சேர வேண்டும். சிறிய மருத்துவமனையில் எடுத்து கூரியரில் அனுப்புகிறார்கள் என்றால், சனிக்கிழமை மாலையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நம் உரிமை. ஃப்ளோ அறிக்கை சில நாட்களில் வந்துவிடும். குரோமோசோம், மரபணு அறிக்கைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். பிளாஸ்ட் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அக்யூட் லுகேமியா என்றும், குறைவாக இருந்தால் பெரும்பாலும் மயலோடிஸ்பிளாசியா என்றும் சொல்வார்கள். ஆனால் முந்தைய கீமோவுக்குப் பின் வந்தவற்றை, பிளாஸ்ட் எவ்வளவாயினும், ஒரே குடும்பத்து நோயாகக் கருதியே மருத்துவர்கள் அணுகுகிறார்கள். குடும்பத்தார் பிளாஸ்ட் எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதை விட, குரோமோசோம் முடிவு என்ன, டி.பி.53 பழுதாகியிருக்கிறதா என்ற இரண்டையும் கேட்பது பயனுள்ளது. இனி வரும் சிகிச்சையின் போக்கு அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் இடம்மாறிய புரோமயலோசைடிக் லுகேமியா என்றால், முதல் சில நாட்களில் மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்து உயிர்போகும் ஆபத்து மிக அதிகம்; ஆகவே சந்தேகம் எழுந்தவுடனேயே, அறிக்கைக்குக் காத்திராமல், ஆட்ரா மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்த முதல் வாரங்களைத் தாண்டிவிட்டால், ஆட்ராவும் ஆர்செனிக்கும் சேர்ந்து பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுகின்றன.

சிகிச்சையும் அதற்கான ஆயத்தமும்

புரோமயலோசைடிக் அல்லாத மற்ற வகைகளில் நிலைமை கடினமானது என்பதை மறைத்துப் பயனில்லை. தானாக வரும் அக்யூட் மயலாய்டு லுகேமியாவை விட இது மருந்துக்குக் குறைவாகவே இணங்கும். இளவயதினராய், உடல் தாங்குமென்றால் வீரியமான கீமோ தருவார்கள்; மற்றவர்களுக்கு 28 நாள் சுற்றில் ஏழு நாட்கள் அசாசிட்டிடின் ஊசியும், அதனுடன் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையும். வெனிட்டோகிளாக்ஸ் சாப்பிடும்போது பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் பொசகோனசோல், வோரிகோனசோல் போன்ற மருந்துகள் சேர்ந்தால் அதன் அளவைப் பெரிதும் குறைக்க வேண்டும். வேறொரு மருத்துவர் எழுதித்தரும் எந்த மாத்திரையையும் முதலில் ரத்தப்புற்று மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். நோய் அடங்கி, உடல் இடம்கொடுத்தால், மற்றவரிடமிருந்து பெறும் ஸ்டெம்செல் மாற்று ஒன்றே நெடுநாள் குணத்துக்கு வழி. இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் டாட்டா நினைவு மருத்துவமனையில்தான் நடந்தது; இப்போது அதன் மாற்றுப் பிரிவு நவி மும்பை கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் என்னும் அதன் புற்றுநோய் ஆய்வு வளாகத்தில் இருக்கிறது. துறைமுக லைனில் பன்வேல் வண்டி ஏறினால் கார்கர் நிலையம்.

மாற்றுக்குப் போகும் வாய்ப்பு கொஞ்சமேனும் இருந்தால், முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய காரியங்கள் சில. உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் எச்.எல்.ஏ. (திசுப் பொருத்தத்தைக் காட்டும் அடையாளங்கள்) பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்கும் அண்ணன், அக்காள், தங்கை எல்லோரையும் உடனே மும்பைக்கு வரவழைக்கத் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரியை அனுப்பினாலே போதும் என்று பல ஆய்வகங்கள் ஏற்றுக்கொள்ளும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டிய குடும்பமென்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் மணமுடித்த குடும்பங்களில் பெற்றோரோ, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளோ முழுமையாகப் பொருந்துவதுண்டு. கேட்காவிட்டால் பலரும் இதைச் சொல்வதில்லை. எவரும் பொருந்தாவிட்டால் பாதி பொருந்தும் பெற்றோரோ பிள்ளையோ கொடையாளியாகலாம். சென்னையிலுள்ள தாத்ரி போன்ற ஸ்டெம்செல் கொடையாளர் பதிவகங்களிலும் தேடலாம். குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால், கொடுக்க வரும் உடன்பிறந்தவரையும் மரபுவழிப் பழுதுக்குச் சோதிப்பது அவசியம்.

ரத்தத்துக்கு ஓடும் பரபரப்பில் நேரும் தவறு ஒன்றுண்டு. ஆள் தேவை என்றதும் அண்ணனும் தம்பியும்தான் முதலில் ரத்த வங்கியில் வந்து நிற்பார்கள். மாற்றுக்குக் கொடையாளியாகக்கூடிய உறவினரின் ரத்தம் முன்பே நோயாளிக்கு ஏறினால், உடல் அதை எதிர்க்கப் பழகிவிடும். பின்னால் மாற்று ஒட்டாமல் போகலாம். ஆகவே ரத்த உறவினர் கொடுக்கக் கூடாது; அக்கம்பக்கத்தார், நண்பர்கள், உடன் வேலைசெய்பவர்கள் கொடுக்கலாம். கதிர்வீச்சு செய்த ரத்தம் வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால், அந்த வசதியுள்ள வங்கியா என்று முதலில் விசாரியுங்கள். தட்டணுப் பைகள் ஐந்து நாட்களுக்கு மேல் தாங்காதவை என்பதால் கொடையாளிகளை ஒரே நாளில் குவிக்காமல், பட்டியல் போட்டு வாரத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவுக்கு, மகாராஷ்டிர ரேஷன் அட்டை உள்ளவர்கள் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்ய யோஜனா என்னும் மாநில அரசு மருத்துவத் திட்டத்தில் கேட்கலாம். ஆயுஷ்மான் அட்டை எந்த மாநிலத்தில் வாங்கியதானாலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் செல்லும். எது பொருந்தும் என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள், ஏனெனில் பணம் கட்டிவிட்ட பிறகு திட்டத்துக்குள் நுழைவது கடினம். ஊரிலிருந்து வருபவர்களுக்குத் தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலை, மருத்துவமனைக் கடிதம் இருந்தால், தங்க இடம் தரும். ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடும் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையே நிரப்பித் தரும்.

சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடையே ஊருக்குப் போய்வர விரும்புபவர்கள், மஜ்ஜை அறிக்கை, ஸ்லைடுகள், பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு), கடைசி சி.பி.சி., அடுத்த ஊசித் தேதி, காய்ச்சல் வந்தால் தொடங்க வேண்டிய ஆன்டிபயாடிக்கின் பெயர் ஆகியவற்றோடு ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் தொடர வசதியுண்டு. அங்கே முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைக் காட்டினால், நள்ளிரவானாலும் பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள்ளாமல், ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஊசி கிடைக்கும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்த மருத்துவமனை எது என்பதை ஊர் போய்ச் சேர்ந்த அன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.